மலையாண்டியின் ஜீப் ஏன் ஓடவில்லை

இனிமேல் உயிரே போனாலும் அடுத்தவருக்காக வண்டி ஓட்டுவதில்லை என்ற சபதத்தை மலையாண்டி எடுத்தது கோயிலில் அல்ல, திருச்சி விமான நிலையத்து வாசலில். மஸ்கட்டில் தண்ணீர் லாரி ஓட்டியே பாதித் தலைமுடியைத் தொலைத்துவிட்டு அன்றுதான் ஒரேயடியாக ஊர் திரும்பியிருந்தார். அழைத்துப்போக மனைவி செவந்தி வாடகைக் காரோடு வந்திருந்தாள். கணவரை ஏற இறங்கப் பார்த்தாள். கண் கலங்கினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

“ஏங்க, டிரைவர் தம்பிக்குத் தூக்கமாத் தள்ளுதாம். கீரனூர் வரைக்கும் நீங்க கொஞ்சம் ஓட்டிட்டு வாங்களேன்.”

அந்த இடத்திலேயே டிராலியின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தார் மலையாண்டி. அன்றைக்கு ஓட்டினார் என்பது வேறு விஷயம். கீரனூர் வரைக்கும் அல்ல, வீடு வரைக்கும். டிரைவர் தம்பி பின்சீட்டில் குறட்டை விட்டுக்கொண்டு வந்தான். சபதம் மறுநாள் காலையிலிருந்து அமலுக்கு வந்தது.

இப்படிப்பட்ட மனிதர் ஒரு ஜீப்பை வாங்கினார் என்றால் ஊர் சும்மா இருக்குமா? திருவரங்குளத்துக்குத் தெற்கே அவர்கள் ஊர். அங்கே பக்கத்து முந்திரிக் காட்டில் ஒரு பழைய ஜீப் வெகுகாலமாகக் கிடந்தது. நாலு சக்கரமும் இழுக்கும் ரகம். ஒரு காலத்தில் சேறு, மணல், வரப்பு என்று எதையும் பார்க்காமல் ஏறி இறங்கிய வண்டி. இப்போது அதன் இன்ஜின் மேல் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. குஞ்சு பொரித்து இறங்கும்வரை காத்திருந்து வாங்கி வந்தார்.

“ஓட்ட மாட்டேங்கிறீங்க. அப்பறம் எதுக்கு வண்டி?” என்றாள் செவந்தி.

“ஓட்டுறதுக்கு இல்ல, வச்சிக்கிறதுக்கு.”

“வச்சிக்கிறதுக்குத்தான் நான் இருக்கேனே.”

“நீ என் பேச்சக் கேக்க மாட்டே. அது கேக்கும்.”

அது கேட்கவில்லை. செவந்தியின் தம்பி நிலவழகன் டிராக்டர் வைத்திருப்பவன். அவன்தான் கட்டி இழுத்துவந்தான். நான்கு சக்கரமும் சுற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டதால் ஜீப் உருளவில்லை, வழுக்கிக்கொண்டே வந்தது. வீட்டு வாசலில் நிறுத்திப் பார்த்தால் இன்ஜின் ஜாம். பிரேக் ஜாம். கியர் லிவர் ஜாம். கதவைத் திறக்கப் போனால் கைப்பிடி மட்டும் கையோடு வந்தது. அசைந்த ஒரே பொருள் பின்பார்க்கும் கண்ணாடி. அதுவும் அன்று மாலை விழுந்துவிட்டது.

செவந்தி இடுப்பில் கை வைத்துச் சுற்றிவந்து பார்த்தாள். அவளுக்கு வீட்டுக்குப் பின்னால் சம்பங்கித் தோட்டம் இருந்தது. விடியுமுன் பூ எடுத்து, மூட்டை கட்டி, மினி பஸ்ஸில் ஏற்றிப் புதுக்கோட்டைக் கடைத்தெருவுக்குக் கொண்டுபோக வேண்டும். மினி பஸ் மனசு வைத்த நாளில் வரும். வராத நாளில் பூ வதங்கும். வதங்கின பூவைக் கடைக்காரன் ஏறெடுத்தும் பார்க்க மாட்டான். மூட்டையும் அவளுமாகச் சாலையோரம் நின்று நின்று அவளுக்கு அலுத்துப்போயிருந்தது.

“சரி, ரிப்பேர் பாருங்க. ஓடுச்சுன்னா நம்ம பூவ ஏத்திட்டுப் போகலாம்ல?” என்றாள். அவள் குரலில் ஆசை இருந்தது.

“மொதல்ல அசையட்டும்,” என்றார் மலையாண்டி, பிடிகொடுக்காமல்.

மெக்கானிக் யாரையும் அருகே விடவில்லை. எல்லாம் தன் கையால்தான் என்றார். பக்கத்து வீட்டு ஆத்மநாதன் ஓய்வுபெற்ற தபால்காரர். அலைந்த காலத்தை எல்லாம் உட்கார்ந்து ஈடுகட்டிக்கொண்டிருந்தவர். பிளாஸ்டிக் நாற்காலியோடு வந்து ஜீப்புக்கு எதிரே அமர்ந்துவிட்டார். அவருக்கு மலையாண்டி தினமும் பாடம் நடத்தினார்.

“துருப்பிடிச்ச நட்டுக்கிட்ட பலத்தக் காட்டக் கூடாதுண்ணே. தலை முறிஞ்சிரும். எண்ணெய் விடணும். ஊற விடணும். அப்பறம் லேசா தட்டணும். கொட்டாங்கச்சிக் கனல வச்சுக் கொஞ்சம் சூடு காட்டணும். கழட்டுற பக்கம் ஒரேயடியாத் திருப்பாம, முறுக்குற பக்கமே நூலளவு விட்டுக்கொடுக்கணும். அப்பறம் பாருங்க, தானா வரும். நம்மதான் வரவச்சோம்னு அதுக்கே தெரியக் கூடாது.”

“இம்புட்டு இருக்கா இதுல?” என்றார் ஆத்மநாதன்.

பூக்கட்டுக்கு நார் கிழித்துக்கொண்டிருந்த செவந்தியும் தலையைத் தூக்கிக் கேட்டாள். நல்லாத்தான் சொல்றாரு என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

உள்ளே போனவள் வெளியே வந்தாள்.

“ஏங்க, வெளக்கெண்ணெய் எங்கே?”

“பிஸ்டனுக்கு.”

“மண்ணெண்ணெய்?”

“அதுவும் பிஸ்டனுக்குத்தான். ரெண்டையும் கலந்து இன்ஜின் தலையில ஊத்தியிருக்கேன். உள்ள எறங்கி ஊறணும்.”

“எனக்கு ஒரு நாளாச்சும் தலையில எண்ணெய் வச்சு விட்டிருக்கீங்களா?”

“நீ ஜாம் ஆகலையே செவந்தி.”

“ஆகிப் பாக்குறேன்,” என்று சொல்லிவிட்டு அவள் சோறு வடிக்கப் போனாள். அன்றைக்கு ரசம் மட்டும்தான்.

ஊறியது. தட்டினார். காத்திருந்தார். மறுபடி ஊற்றினார். அக்கம்பக்கத்தில் எல்லாரும் ஜீப்பையே மறந்துபோயிருந்த ஒரு காலை நேரம், செவந்தி பூவோடு போயிருந்தாள், இன்ஜின் முன்னால் இருக்கும் காற்றாடியைப் பிடித்து வழக்கம்போல ஒரு தள்ளு தள்ளினார் மலையாண்டி. முனகல் மாதிரி ஒரு சத்தம். காற்றாடி அரைச் சாண் நகர்ந்தது. இன்னொரு தள்ளு. ஒரு சுற்று முழுசாக வந்தது. மனிதருக்குக் கண்ணீர் வந்துவிட்டது. ஓடிப்போய் யாரையாவது கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. மினி பஸ்ஸிலிருந்து செவந்தி இறங்குவது தெரிந்தது. அவளையே கட்டிக்கொள்ளலாம் என்று முடிவு செய்து வாசலுக்குப் போனார்.

செவந்தி போனில் அரிமளத்திலிருக்கும் தன் அம்மா மருதாயியோடு பேசிக்கொண்டே வந்தாள்.

“ஆமாத்தா, ஜீப்பு இன்னைக்கோ நாளைக்கோ கெளம்பிரும். தெனமும் காலையில பூவுக்குப் போவாரு. திரும்பி வாரப்போ தம்பிக்கு உர மூட்டைய ஏத்திட்டு வந்துருவாரு. வாரம் ஒருதரம் ஒன்னைய ஏத்திக்கிட்டுக் கட்டுமாவடிக்குப் போயி மீன் வாங்கியாந்துருவாரு. நீ எறாலுதான வேணும்னே? அவருக்கென்ன, சும்மாதான இருக்காரு!”

நீட்டிய கையை மலையாண்டி அப்படியே தலைக்குக் கொண்டுபோய்ச் சொறிந்துகொண்டார். மஸ்கட்டில் ஒரு முதலாளிதான். இங்கே பூ, உரம், இறால், மாமியார் என்று வரிசையாக நிற்கிறார்கள்.

“என்னங்க, ஏதாச்சும் அசைஞ்சுச்சா?”

“எங்கிட்டு அசையிறது! கல்லு மாதிரி கெடக்கு.”

அன்று தொடங்கியது அவருடைய இரண்டாவது தொழில். செவந்தி பூவுக்குப் போகும் காலைப் பொழுதில் ஒவ்வொன்றாக இளக்கினார். எதிரே உட்கார்ந்திருந்த ஆத்மநாதன் மட்டும் இதற்கு உடந்தை. பிரேக் இளகியது. கியர் லிவர் இளகியது. கியர் பெட்டியைப் பிரித்து, ஒவ்வொரு பல்லையும் புது டூத்பிரஷ் வைத்துத் தேய்த்து எண்ணெய் போட்டார்; தன் பல்லுக்குக்கூட அவ்வளவு செய்ததில்லை. அவள் வருவதற்குள் செம்மண்ணை எண்ணெயில் குழைத்து நட்டுகளின் மேல் பூசி மறுபடி துருவாக்கினார். மத்தியானம் ஜீப்புக்கு அடியில் பாயும் தலையணையும் போட்டுப் படுத்தார். சுத்தியலில் ஒரு கயிறு கட்டிக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டார். தூக்கத்தில் கால் அசையும்போதெல்லாம் ‘டங்’ என்று கேட்கும். மனுஷன் எப்படி உழைக்கிறார் என்று தெருவே உச்சுக்கொட்டியது.

கடைவீதிக்குப் போ என்றால் ஜீப் வேலை. கல்யாணத்துக்கு வா என்றால் ஜீப் வேலை. மாட்டுக்குப் புல் அறுக்கக் கூப்பிட்டால் அடியிலிருந்து ‘டங்’. இந்த நிம்மதியை அவர் மஸ்கட்டிலும் பார்த்ததில்லை, ஊரிலும் பார்த்ததில்லை.

ஒருநாள் செவந்தி குனிந்து பார்த்தாள்.

“ஏங்க, காலையில பளபளன்னு இருந்த நட்டு, இப்பத் திரும்பத் துருப்பிடிச்சிருக்கே?”

“கடக்காத்து பட்டா அப்படித்தான்.”

“திருவரங்குளத்துல ஏதுங்க கடக்காத்து?”

“கட்டுமாவடியிலேருந்து அடிக்கிது. ஒங்கம்மாவுக்கு மட்டுந்தான் கட்டுமாவடியா?”

செவந்தி நட்டைத் தொட்டு, விரலைப் பார்த்து, முந்தானையில் துடைத்துக்கொண்டாள். அன்றிரவு ரசத்தோடு அப்பளமும் பொரித்திருந்தாள். அதிலேயே மலையாண்டி உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை. இரண்டு அப்பளம் தின்றார்.

ஆயுத பூஜை வந்தது. அரிவாள், மம்பட்டி, கிரைண்டர், தையல் மெஷின் எல்லாவற்றுக்கும் செவந்தி சந்தனம் வைத்தாள். ஜீப்பையும் விடவில்லை. முகப்பில் மாலை, கண்ணாடியில் விபூதிப் பட்டை. தேங்காய் உடைத்தாள். சக்கரங்களுக்கு முன்னால் குனிந்து குனிந்து எலுமிச்சம்பழம் வைத்தாள்.

“ஓடாத வண்டிக்கு எதுக்குப் பழம்?” என்றார் மலையாண்டி.

“என்னைக்கு ஓடுதோ அன்னைக்கு ஏறட்டும். அதுவரைக்கும் யாரும் எடுக்கப்படாது.”

மறுநாள் அரிமளத்தில் செவந்தியின் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. தெருவில் பாதிப் பேர் ஒரு வேனில் கிளம்பினார்கள். ஆத்மநாதனின் மனைவி திலகவதியும் போனாள். மலையாண்டிக்கு ஜீப் வேலை. ஆத்மநாதனுக்கு முட்டிவலி.

வேன் வளைவில் மறைந்ததும் முட்டிவலி குணமாகியது.

“இன்னைக்கு ஒரு ரவுண்டு விட்டாத்தான் என்ன?” என்றார் ஆத்மநாதன்.

மலையாண்டி அதற்காகத்தான் துடித்துக்கொண்டிருந்தார். அடியில் வேலை பார்க்க வெளிச்சம் வேண்டும் என்று சொல்லிப் பேட்டரி வாங்கியாகிவிட்டது. பாகங்களை ஊறவைக்க என்று டீசலும் வாங்கியாகிவிட்டது. ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். இரண்டு முறை இருமியது. மூன்றாவதில் கரும்புகை விட்டுக்கொண்டு உயிர் வந்தது. வாசலிலிருந்து குலுங்கி இறங்கி, கண்மாய்க் கரையில் ஏறி, தண்ணீர் வற்றிய உள்வாய் மணலில் இறங்கி, நாலு சக்கரமும் பிடித்து மறுகரையில் ஏறியது. ஆத்மநாதன் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு முருகனைக் கூப்பிட்டார்.

மலையாண்டிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. யாரும் பின்னாலிருந்து ‘சீக்கிரம் போ’ என்று சொல்லவில்லை. போய்ச் சேர வேண்டிய இடம் எதுவுமில்லை. இத்தனை வருஷம் ஸ்டியரிங் பிடித்திருக்கிறார், இன்றைக்குத்தான் வண்டி ஓட்டினார். செத்துக் கிடந்த ஒன்றைத் தன் இரண்டு கையாலும் எழுப்பிவிட்டோம் என்ற பெருமை வேறு. இது என் வண்டி, ஒருத்தர் கையையும் படவிட மாட்டேன் என்று கண்மாய்க் கரையில் வைத்தே ஆத்மநாதனிடம் சொன்னார்.

திரும்பிவந்து அதே தடத்தில் நிறுத்தி இறங்கியபோதுதான் ஆத்மநாதன் தரையைக் காட்டினார்.

“தம்பி, பழம்!”

எலுமிச்சம்பழம் நசுங்கி, விதையும் சாறுமாக மண்ணோடு மண்ணாகியிருந்தது. மலையாண்டி துடைப்பத்தை எடுத்தார். சக்கையைக் கூட்டி அள்ளிக் குப்பைக் குழியில் போட்டு, டயரைக் கழுவி, தடத்தைக் காலால் அழித்தார். ஆத்மநாதன் தன் வீட்டுக் கொல்லைச் செடியில் பழம் பறித்துவந்தார். ஒரே அளவாகப் பார்த்து, சக்கரத்துக்கு ஒன்றாக, கோணாமல் வைத்தார்கள். குங்குமம்கூடத் தொட்டு வைத்தார் மலையாண்டி.

“செவந்தி என்ன, சிபிஐ வந்தாலும் கண்டுபிடிக்க முடியாதுண்ணே.”

சாயங்காலம் செவந்தி வந்தாள். பட்டுப்புடவையோடு ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றினாள். சக்கரங்களைப் பார்த்தாள். நேரே உள்ளே போய்ச் சுடச்சுடப் பஜ்ஜி போட்டுக் கொண்டுவந்து வைத்தாள்.

“பாவம், நாள் பூரா தனியாக் கெடந்து ஒழைச்சிருப்பீங்க.”

மலையாண்டி ஒன்றுக்கு நாலாகத் தின்றார்.

மறுநாள் விடிந்ததும் வாசலில் நிலவழகன் நின்றான். ஜீப்பின் பின்பக்கம் பூமூட்டைகள் ஏறியிருந்தன. முன்சீட்டில் செவந்தி கைப்பையோடு உட்கார்ந்திருந்தாள்.

“ஏ செவந்தி, என்ன இது? ஜாமான வண்டியில ஏறி உக்காந்துக்கிட்டு!”

“ஜாமாவா இருக்கு?”

“பின்னே? பிஸ்டன் ஒட்டிக்கிட்டுக் கெடக்கு.”

“சரிங்க. எனக்கு ஒரே ஒரு சந்தேகம். பூஜையன்னைக்கு வாங்கின பழத்துல ஒன்ன ஆத்மநாதண்ணன் தாகமா இருக்குன்னாருன்னு சர்பத்துப் போட்டுக் குடுத்துட்டேன். மூணு சக்கரத்துக்குத்தான் பழம் வச்சேன். இந்தப் பின்சக்கரத்துக்கு வைக்கவே இல்ல. இப்ப இதுக்கும் ஒன்னு இருக்கே, எப்படிங்க?”

எந்த வீட்டில் நாலு சக்கரத்துக்கு மூன்று பழம் வைப்பார்கள்? மலையாண்டி ஜீப்புக்கு எதிரே ஆத்மநாதனைத் தேடினார். நாற்காலி மட்டும் இருந்தது.

“சாமி... சாமியே வச்சிருக்கும்.”

“குங்குமத்தோடயா?”

“சாமிக்குக் குங்குமத்துக்கா பஞ்சம்?”

“கண்மாய்க் கரையில டயர் தடமும் சாமி போட்டதுதானா மச்சான்?” என்றான் நிலவழகன்.

குட்டு வெளிப்பட்டுவிட்டது. ஆனால் சபதம் எடுத்தவர் அவ்வளவு லேசில் விடுவாரா? மலையாண்டி நெஞ்சை நிமிர்த்தினார்.

“ஓடுது. ஒத்துக்கிறேன். ஆனா நான் ஓட்ட மாட்டேன். உயிரே போனாலும் இன்னொருத்தருக்கு டிரைவரா உக்கார மாட்டேன். அது என் கொள்கை.”

சண்டை வரும் என்று எதிர்பார்த்தார். செவந்தி சிரித்த முகமாக இருந்தாள்.

“ஒங்கள யாருங்க ஓட்டச் சொன்னா? வெளிநாட்டுல கஷ்டப்பட்டு வந்த மனுஷன். நல்லா படுத்துத் தூங்குங்க. வண்டியத் தம்பி ஓட்டிக்குவான். ஃபிளாஸ்க்குல டீ இருக்கு.”

மலையாண்டிக்கு நம்ப முடியவில்லை. சபதமும் பிழைத்தது, தூக்கமும் பிழைத்தது. சாவியைக் கொடுத்தார். ஆத்மநாதனின் நாற்காலியை இழுத்துப் போட்டு, டீயை ஊற்றிக்கொண்டு, கால்மேல் கால் போட்டார்.

நிலவழகன் ஏறினான். ஸ்டார்ட் செய்தான். கியரைப் போட்டான்.

கர்ர்ர்ர்ர்!

மலையாண்டி கையில் டீ தளும்பியது.

“மாப்ள! கிளட்ச், கிளட்ச்!”

“மிதிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன் மச்சான்.”

கர்ர்ர்ர்ர்ர்ர்!

டூத்பிரஷ்ஷால் தேய்த்த பல் ஒவ்வொன்றும் அவர் கண்முன் வந்தது. தன் வாயிலேயே யாரோ ரம்பம் போடுகிற மாதிரி இருந்தது. டம்ளரைக் கீழே வைத்தார்.

“பல்லு பூராம் போயிரும்டா! லேசாப் போடு!”

“டிராக்டருக்கு இப்படித்தான் மச்சான் போடுவேன்.”

“போகப் போகப் பழகிக்குவான் விடுங்க,” என்றாள் செவந்தி. “தெனமும் ஓட்டப் போறவந்தான?”

தினமும்! கர்ர்ர்ர்ர்ர்ர்ர்ர் என்று மூன்றாவது முறை கேட்டபோது மலையாண்டி ஜீப்பின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். எப்படி வந்தார் என்று அவருக்கே தெரியாது.

“எறங்குடா கீழ! எறங்குங்கிறேன்!”

“ஏங்க, சபதம்?” என்றாள் செவந்தி கவலையோடு.

“சபதமாவது கிபதமாவது! யாருக்காகவும் ஓட்டல. என் வண்டிக்காக ஓட்டுறேன். தெனமும் நாந்தான் ஓட்டுவேன். வேற எவனும் ஸ்டியரிங்கத் தொடக் கூடாது. சத்தியம் பண்ணு செவந்தி.”

“அம்மாவக் கட்டுமாவடிக்கு...?”

“அதுவும் நாந்தான்!”

“நீங்க இம்புட்டுக் கெஞ்சுறப்போ நான் என்னத்தச் சொல்ல,” என்று செவந்தி சத்தியம் செய்துகொடுத்தாள்.

நிலவழகன் பின்னால் மூட்டைகளோடு ஏறிக்கொண்டான். வண்டி வெண்ணெயாகக் கிளம்பியது. அன்றைக்குப் புதுக்கோட்டைக் கடைத்தெருவுக்கு முதலில் வந்த சம்பங்கி அவர்களுடையதுதான். ஈரம்கூட உலரவில்லை. கடைக்காரர் மூட்டையைப் பிரித்து முகர்ந்து பார்த்துத் தலையாட்டினார். செவந்தியின் முகத்தைப் பார்த்த மலையாண்டிக்கும், உள்ளதைச் சொன்னால், சந்தோஷமாகத்தான் இருந்தது. மூட்டையோடு அவள் கடைக்குள் போனதும், தாராள மனசோடு மைத்துனன் தோளில் கை போட்டார்.

“மாப்ள, தப்பா எடுத்துக்காதே. ஒன் நல்லதுக்குத்தான் சொல்றேன். கியர் போடுறதுக்கு முன்னாடி கிளட்ச முழுசா மிதிக்கணும். டிராக்டர் ஓட்டுற ஒனக்கு அதுகூடவா தெரியாது?”

நிலவழகன் கடைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

“தெரியும் மச்சான். அக்காதான் மிதிக்க வேணாம்னு சொல்லுச்சு.”